எது கம்மியோ அந்த வயசு

எனக்குப் பத்து வயது இரண்டு தடவை ஆனது. முதல் தடவை நிஜமாகவே, ஒரு மார்ச் மாதம், போர்ட் பிளேரில் எங்கள் ஹேடோ குவார்ட்டர்ஸில் அம்மா கேசரி கிண்ட, ஆனது. இரண்டாவது தடவை அதற்கு அடுத்த வருடம், காகிதத்தில். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா எனக்கு ஒரு வயதைக் குறைத்து எழுதியிருந்தார். பிற்காலத்தில் நான் சர்க்கார் வேலைக்கு மனுப் போடும்போது அந்த ஒரு வருடம் கைகொடுக்குமாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு ஓய்வு பெறும் தேதி வரைக்கும் யோசித்து வைத்தவர் அவர்.

மதுரையில் இருந்த பெரியப்பா இதற்கு நேர் எதிர். மகனைச் சீக்கிரம் பள்ளியில் தள்ளிவிடும் அவசரத்தில் ஒரு வயதைக் கூட்டி எழுதிவிட்டார். அதனால் என்னைவிட ஏழு மாதம் இளையவனான அவன் காகிதத்தில் எனக்கு அண்ணன்.

எனக்கு நிஜமாகவே பத்து ஆன அந்த வருடம், மே மாத லீவில் பெரியப்பா குடும்பத்தோடு அந்தமான் பார்க்க வந்தார். எல்லோருமாக ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலேறி ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். அங்கேதான் அம்மாவின் தம்பி, என் மாமா, ஆட்களை முக்குளிக்கக் கூட்டிப்போகும் ஒரு ஸ்கூபா கடையில் மாஸ்டராக இருந்தார். ஏழு வயதிலிருந்தே அவர் எனக்கு வாக்குக் கொடுத்து வந்தார்: "பத்து ஆகட்டும் பாப்பா. நானே கடலுக்கு அடியில கூட்டிட்டுப் போறேன்."

நானும் சும்மா இருக்கவில்லை. குளியலறை வாளிக்குள் முகத்தை அமுக்கி, அறுபது எண்ணும்வரை மூச்சடக்கப் பழகியிருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னேன். மாமாவின் முகம் மலரும் என்று பார்த்தால் சுருங்கியது.

"அதுதான் கூடவே கூடாது. கீழ போனா மூச்சு விட்டுட்டே இருக்கணும். பயத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும். தெரியுமா?"

தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்து ஆகிவிட்டது என்பதுதான்.

கப்பல் டிக்கெட்டுக்காக அம்மா கொண்டுவந்திருந்த என் பள்ளி அட்டையை மாமா வாங்கிப் பார்த்தார். ஃபாரத்தில் எழுதப்போன பேனா நின்றது.

"இதுல ஒம்பதுதானே இருக்கு."

"அது அப்பா பண்ணது மாமா! எனக்குப் பத்து முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. அம்மாவைக் கேளுங்க!"

பெற்றவளே தலையாட்டினாள். நான் பிறந்த அன்றே என்னைத் தூக்கிய மாமாவுக்கு அது தெரியாததும் அல்ல. ஆனாலும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அடுத்த வருஷம் பாப்பா. நைன்னா நை." இந்தியில், இல்லையென்றால் இல்லைதான்.

பெரியப்பா சிரித்துக்கொண்டே தன் மகனை முன்னால் தள்ளினார். "இவனைக் கூட்டிட்டுப் போ மாப்ளே. பேப்பர்ல பத்தரை."

மாமா குனிந்து அவனிடம் கேட்டார்: "டேய், நிஜமா உனக்கு எத்தனை?"

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒம்பது" என்றான். கப்பலிலேயே அவனுக்குச் சளி பிடித்திருந்தது.

"அப்போ இவனும் வேண்டாம் அத்தான்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "எனக்கு மட்டும் பேப்பர், அவனுக்கு மட்டும் நிஜமா?" என்று கத்தினேன். கடையில் நின்ற வெள்ளைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டுல எது கம்மியோ அந்த வயசு" என்றார் மாமா.

இப்படி ஒரு அநியாயத்தை நான் எந்தக் கணக்கு டீச்சரிடமும் கண்டதில்லை. இந்த ஒரு நாளுக்காக மூன்று வருடம் காத்திருந்தவள் நான். குறைத்து எழுதியது அப்பா, தண்டனை எனக்கு. பெரியப்பாவுக்கும் கோபம்தான். "சொந்தக்காரன்னு வந்தேன் பாரு" என்று முனகியபடி அதே கடற்கரையில் நாலு மரம் தள்ளியிருந்த இன்னொரு கடைக்கு மகனை இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃபாரத்தில் பெரியப்பாவே வயது பத்து என்று எழுதினார். சளி, காதுவலி, இளைப்பு எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுக் கையெழுத்திட்டார். மாமா ஓடிவந்து அந்தக் கடைக்காரனிடம் ஏதோ இந்தியில் வாதாடினார். அவன் ஃபாரத்தைத் தூக்கிக் காட்டி, "பாப் நே சைன் கியா, பாய்" என்றான். அப்பனே கையெழுத்துப் போட்ட பிறகு உனக்கென்ன வந்தது என்று அர்த்தம். அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகவே பட்டது.

என்னைவிட இளையவன், மூக்கு ஒழுக, முதுகில் சிலிண்டரோடு தண்ணீருக்குள் இறங்கிப் போனான். நான் கரையில் மணலை எட்டி உதைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் மாமா! ரப்பர் உடை, சிலிண்டர், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கடலுக்குள் நடந்தார். மனசு மாறிவிட்டது, என்னைக் கூட்டிப்போகத்தான் தயாராகிவிட்டார் என்று நினைத்தேன். செருப்பை வீசிவிட்டு ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"கரைக்குப் போ!"

அந்தக் குரலில் அவர் என்னிடம் அதுவரை பேசியதே இல்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மார்பளவு ஆழத்தில் போய் நின்று, தூரத்தில் குமிழி வந்துகொண்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே கரைக்கு வந்தேன். என்னை வெறுப்பேற்றவே மாட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்று அம்மாவிடம் முறையிட்டேன். கால் மணி நேரமிருக்கும். அவர் அசையவில்லை.

கடைசியில் அவன் தலை வெளியே வந்தது. "மஞ்சள் மீனு பாத்தேன்!" என்று கத்தினான். காதில் கொஞ்சம் வலி என்றான். அதுவும் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. பெரியப்பா வெற்றியோடு மாமாவைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, ஏதாச்சும் ஆச்சா?"

"இல்ல அத்தான். ஒண்ணும் ஆகல" என்றபடி மாமா மணலில் உட்கார்ந்து இடுப்புப் பட்டையைக் கழற்றப் பார்த்தார். தினமும் பத்துத் தடவை கழற்றும் பட்டை. விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின. கடைசியில் அம்மாதான் குனிந்து அதைக் கழற்றிவிட்டாள்.

தோற்றுப்போன அவமானத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன். போர்ட் பிளேர் திரும்பக் கப்பலேறியபோது அவர் படகுத்துறையில் நின்று கையசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.