வைக்கோல் அங்கி மனிதன்

அந்த ஜப்பானியப் பட ஆல்பத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாதித் தாள் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. மிச்சப் பாதியில், கறுப்பு மையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியதுபோல ஒரு மலை. "கண்டறியாத படம்" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, டேனிஷில் "மிகவும் அழகு" என்றேன். டென்மார்க்கின் விபோர்க்கில் வீடு வீடாகப் போய் வயது போனவர்களைப் பராமரிக்கிற வேலையில் நான் முதலில் பழகிக்கொண்ட சொற்கள் அவைதான்.

ஆல்பத்துக்குச் சொந்தக்காரி எண்பதைக் கடந்த ஒரு டேனிஷ் விதவை. மனதுக்குள் நான் அவளைக் கிழவி என்றுதான் கூப்பிட்டேன். அதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. காலையில் போய்க் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, கால் வீக்கத்துக்கான இறுக்கக் காலுறையை மல்லுக்கட்டி ஏற்றி, கோப்பி போட்டுக் கொடுப்பேன். அவளுடைய தகப்பன் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் யோகோஹாமாத் துறைமுகத்தில் இந்த ஆல்பத்தை வாங்கினாராம். தைத்துக் கட்டிய புத்தகம் அல்ல அது. நீளத் தாளை விசிறிபோல மடித்து, இரண்டு அந்தத்திலும் பட்டுத்துணி ஒட்டிய அட்டை வைத்திருந்தார்கள். மடிப்புக்கு ஒரு படம். கறுப்பு மையும் மெல்லிய நீர்வண்ணமும். அவ்வளவுதான்.

கிழவிக்குக் கை நடுக்கம். ஆகவே மடிப்பை நான்தான் திருப்ப வேண்டும். கையைக் கழுவித் துடைத்து, ஈரமில்லை என்று அவளுக்கு நீட்டிக் காட்டிய பிறகு ஒரு மடிப்பு. ஒரு வருகைக்கு ஒன்றுதான். அலுமாரியின் மேல் அந்தப் படம் நான் திரும்ப வரும்வரை நிற்கும். வேறு பெண்கள் முறைக்கு வருகிற நாட்களில் ஆல்பத்தைத் தொடவிட மாட்டாள். "உனக்குத்தான் உலர்ந்த கை" என்பாள். நாள் முழுக்கச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் யாருடைய கைதான் உலராது!

அப்போது என் மனம் அங்கே இருக்கவில்லை. இலங்கையில், வன்னி யுத்தத்துக்குள் என் தம்பி, பெண்சாதி பிள்ளைகளோடு அகப்பட்டிருந்தான். தை மாதத்தில் ஒருமுறை யாரோ ஒருவருடைய போனிலிருந்து எடுத்தான். "அக்கா, திரும்பவும் இடம்பெயர்ந்துகொண்டு இருக்கிறம். பிறகு எடுக்கிறன்" என்றான். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அவன் உயிரோடு வெளியே வந்துவிடுவானா? அந்த ஒரு கேள்வியோடுதான் நான் எழும்பினேன், சமைத்தேன், கார் ஓட்டினேன்.

வீட்டில் இதைக் கதைக்க ஆள் இல்லை. கணவர் பக்கத்து ஊரான இக்காஸ்ட்டில் தொழிற்சாலை வேலை முடித்து வந்தால், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் டிவிக்கு முன்னால் குந்துவார். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து, யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கோபன்ஹேகனில் நடக்கிற ஊர்வலத்துக்குப் போவார். "நீயும் வாவன்" என்பார். நான் போகவில்லை. போனால் ஒவ்வொருவரும் கையைப் பிடித்து, "தம்பியிட்டையிருந்து ஏதும் தெரிஞ்சுதோ?" என்று கேட்பார்கள். தெரிந்தால் நான் சொல்லமாட்டேனா? மகள் டேனிஷில், "அம்மா, எதையாவது சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வேலையிடத்தில் யாருக்காவது பிறந்தநாள் வரும், கேக் வெட்டுவார்கள். ஒருத்தி, "உன் நாட்டுக் கடற்கரை நல்லதாமே, பிள்ளைகளோடு போகலாமா?" என்று கேட்டாள். கேக்கை விழுங்கிவிட்டு, போகலாம் என்றேன். என்ன செய்ய?

சில மடிப்புகள் போன பிறகுதான் அந்த மனிதன் என் கண்ணில் பட்டான். முதல் தாளில் பனியும் அந்த மலையும்தான், ஆள் இல்லை. அடுத்ததில் பனிக்குள் ஒரு புள்ளி. அதற்கடுத்ததில் மரப்பாலத்தில் வைக்கோலால் முடைந்த மழை அங்கியும் அகலத் தொப்பியுமாக நகத்தளவு ஒரு ஆள். பிறகு மழையில் வயல் வரம்பில். பிறகு ஓடத்துறையில். ஒவ்வொரு படத்திலும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தான்.

"இவன் எங்கே போகிறான்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு. கடைசிப் படத்தில் வீடு இருக்கிறது. வாசலில் ஒரு பெண்..." என்று கிழவி தொடங்கினாள்.

"சொல்லாதீர்கள்!" என்று கத்தியே விட்டேன். அவள் பயந்துபோய்க் கோப்பியைச் சிந்திவிட்டாள்.

எங்கள் ஊர்க் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமிக்கு முன்னால் போட்டு, நினைத்த காரியம் நடக்குமா என்று ஒன்றை எடுத்துப் பார்ப்பது. கலியாணம், காணி வாங்குவது, சத்திரசிகிச்சை, எல்லாவற்றுக்கும் பூதான் பதில் சொல்லும். விபோர்க்கில் எனக்குக் கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. ஆகவே அந்த வைக்கோல் அங்கிக்காரனை வைத்துக் கட்டிக்கொண்டேன். அவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் தம்பி வெளியே வந்துவிடுவான். விசர் வேலைதான், தெரியும். ஆனால் பூப்பொட்டலத்தை எட்டிப் பார்த்தால் பலன் போய்விடும். ஆகவே கிழவி குளியலறையில் இருக்கும்போதுகூட அடுத்த மடிப்பைத் தூக்கிப் பார்த்ததில்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் கிழவி யன்னல்களில் மெழுகுதிரி வைக்கச் சொன்னாள். உலக யுத்தத்தில் நாட்டைப் பிடித்திருந்த ஜேர்மன்காரர் போன நாளை இங்கே அப்படித்தான் நினைவு கொள்வார்கள். அவள் பெண்பிள்ளையாக இருந்தபோது ரேடியோவில் செய்தி வந்ததும் ஊர் முழுக்க, வெளிச்சம் தெரியாமல் மறைக்கக் கட்டிய கறுப்புத் திரைகளைக் கிழித்தெறிந்து தெருவில் ஆடியதாம். "யுத்தம் முடிவது எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது" என்றாள். நான் தீக்குச்சியைத் தட்டியபடி நின்றேன். தெரியாதுதான். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் "பாவம்" என்பாள், என் கையைத் தடவுவாள், பிறகு காலுறையைப் பற்றிக் கேட்பாள். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

அந்த மாதம் பாதியில் எங்கள் யுத்தமும் முடிந்தது. டிவியில் கொழும்புத் தெருவில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். கணவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எல்லாம் போச்சு" என்றார். "தம்பி?" என்றேன். "எனக்கென்னண்டு தெரியும், விடன்" என்று எரிந்து விழுந்தார். அடுத்த காலை வேலைக்குப் போனேன். வெளியே நல்ல வெயில். ஒரு மடிப்புத்தான் மிச்சம் இருந்தது.

அன்று பார்த்துக் கிழவியிடம் ஓர் இளம்பெண் வந்திருந்தாள். ஆல்பத்தை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கக் கிழவி தீர்மானித்திருந்தாள். அதைப் பார்க்க அங்கிருந்து வந்தவள். எனக்குக் கோபம். என் நாளில் இவள் யார் குறுக்கே? கையைக் கழுவித் துடைத்து, அவளைக் கேட்காமலே கடைசி மடிப்பைத் திருப்பினேன்.

வீடு இருந்தது. கூரையில் புகை, முற்றத்தில் பழுத்துத் தொங்கும் செம்மஞ்சள் பழ மரம், வாசலில் விளக்கோடு ஒரு பெண். படியடியில் அவன், இப்போது விரலளவு பெரிதாக. வந்துவிட்டான்! குசினிக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதேன். மாதக்கணக்கில் வராத அழுகை. நெஞ்சு லேசாகிவிட்டது.

கோப்பியோடு திரும்பியபோது அந்தப் பெண் கிழவிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "நீங்கள் இவ்வளவு காலமும் பின்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள். ஜப்பானியர் வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்குவார்கள். தலைப்புச் சீட்டு ஒட்டியிருக்கிற அட்டை இதுதான். இந்த வீடுதான் முதல் படம். அவன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். பனியில் மறைந்துபோவதுதான் முடிவு. பாருங்கள், ஓவியரின் முத்திரைகூட ஆளில்லாத அந்தப் பனித் தாளில்தான்."

கிழவி கைதட்டிச் சிரித்தாள். "அடடா! அப்பாவும் தெரியாமல்தான் எங்களுக்குக் காட்டினாரா!"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்? அவனைக் கேட்டாயா?" என்று அந்தப் பெண்ணிடம் பாய்ந்தேன். "தொப்பியும் அங்கியும் போட்டவனுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? வருகிறானா போகிறானா என்று உன்னால் சொல்ல முடியுமா?" டேனிஷ் பாதியில் கைவிட்டுவிட, மிச்சத்தைத் தமிழில் கொட்டினேன். "மண்ணாங்கட்டி! படிச்சவளாம்!"

பாவம் அவள், முகம் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். அவள் போன பிறகு கிழவி மெல்லக் கேட்டாள், "உனக்கு என்ன நடந்தது?"

"என் தம்பி யுத்தத்துக்குள் இருக்கிறான்" என்றேன்.

"எந்த யுத்தம்?" என்றாள்.

நல்ல மனதோடுதான் கேட்டாள். மாதக்கணக்காக இவளைக் குளிக்க வார்த்து, தலை துவட்டியிருக்கிறேன். நான் எங்கே எரிந்துகொண்டிருக்கிறேன் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கோப்பைகளைக் கழுவிவைத்துவிட்டு வெளிக்கிட்டேன். ஆல்பத்தைப் பிறகு வந்து கொண்டுபோய்விட்டார்கள். நான் கேட்கவும் இல்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள், வேலைக்குத் தந்த காரை நான் போகவேண்டிய அடுத்த வீட்டின் வாசலில் நிறுத்தும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். வவுனியா அகதி முகாமிலிருந்து மச்சாள், தம்பியின் பெண்சாதி. யாரோ ஒளித்துக் கொடுத்த போனாம், கனநேரம் கதைக்க ஏலாதாம். "பிள்ளையளும் நானும் வந்திட்டம் மச்சாள்." ஐயோ, முருகா! ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். தம்பி எங்கே என்று நான் வாய் திறக்கமுன் அவள் கேட்டாள்:

"இவர் உங்களுக்கு எடுத்தவரோ?"

போனைக் காதோடு இறுக்கிக்கொண்டேன்.

"சனத்துக்குள்ளை பிரிஞ்சுபோனம். பிரிஞ்சால் அக்காவுக்கு எடுங்கோ, நானும் அக்காவுக்குத்தான் எடுப்பன், அங்கை ஆளையாள் கண்டுபிடிக்கலாம் எண்டவர். பிள்ளையளுக்கும் உங்கடை நம்பரைப் பாடமாக்கி விட்டவர். எடுத்தவர்தானே மச்சாள்?"

"இன்னும் இல்லை" என்றேன். அவள் அழத் தொடங்க, போனை யாரோ பறிக்கிற சத்தம் கேட்டது. மூத்த பிள்ளை. நான் நேரில் ஒருநாளும் பார்க்காத மருமகள்.

"மாமி, அப்பா டென்மார்க்குக்கு வந்திட்டாரோ?"

"இல்லையடா குஞ்சு. இஞ்சை வரேல்லை."

பின்னால் யாரோ போனைத் திருப்பிக் கேட்டார்கள்.

"அப்ப எங்கை மாமி போனவர்?" என்றாள் பிள்ளை.