நடுவுல போகக் கூடாது

இது கட்டுக்கதை இல்லை. எனக்கே நடந்தது. போன மழைக்காலத்தில், பிஜாப்பூர் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை.

என் பெயர் மந்தாகினி. ஆராய்ச்சி செய்கிற டாக்டர்களுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. ஒரு புது மருந்தை மனுஷர் மேல் சோதித்துப் பார்க்கும் முன்னால் அவரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும், எப்படிச் சம்மதம் கேட்க வேண்டும் என்கிற பாடம். அதில் முக்கியமானது ஒன்று உண்டு. சோதனைக்குச் சேர்ந்தவர் எந்த நேரமும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். யாரும் கோபிக்கக் கூடாது, வைத்தியத்தையும் நிறுத்தக் கூடாது. இதை நான் ஊர் ஊராகப் போய்க் கத்துவேன். அவர்கள் போனை நோண்டிக்கொண்டே தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் ஒரு நாடகம் வைப்பேன். வெளியிலிருந்து ஒரு அம்மா நோயாளியாக நடிக்க வருவார். நான் கெட்ட டாக்டர். வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பாகச் செய்வேன், மிரட்டுவேன். என்னென்ன தப்பு என்று டாக்டர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதுதான் போனைக் கீழே வைப்பார்கள். "உனக்கு இந்த வேஷம் கச்சிதமாப் பொருந்துதுடி" என்பாள் சிவலீலா. அவள் அந்தக் கல்லூரியில் டாக்டர், என்னோடு படித்தவள்.

வகுப்பு திங்கட்கிழமைதான். நான் ஞாயிறே போய்விட்டேன். ஹூப்ளியில் என் வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்ய? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை அந்த வீட்டில் தள்ளுவது இருக்கிறதே, அது தனி நரகம். ஒத்திகை பார்க்கலாமே என்று ஒரு சாக்கு. "சரி, ஆறு மணிக்கு அந்தம்மாவ அனுப்பி வைக்கிறேன். ரொம்ப மிரட்டிடாதே, பாவம்" என்று சிவலீலாவும் சொல்லிவிட்டாள்.

வகுப்புக் கூடம் பழைய கட்டடத்தில் இருந்தது. ஒரு காலத்தில் வார்டாக இருந்த இடம். விடுமுறை நாள் என்பதால் ஈ காக்கை இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. ஜன்னல் பக்கம் மட்டும் மங்கலாக வெளிச்சம். எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி போட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

அவள் வந்து உட்கார்ந்திருந்தாள்.

கதவுச் சத்தம் கேட்கவில்லை. மழையில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"வந்துட்டியாம்மா? பேரு என்ன?"

"சங்கவ்வ."

அந்தப் பக்கத்துப் பெண்கள் கட்டுகிற இல்கல் சேலை. தலையில் முக்காடு. வெளியே கொட்டுகிற மழைக்கு அந்தச் சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. பஞ்சில் சிவப்பாக ஒரு பொட்டு. அடேயப்பா, வேஷமெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாளே என்று மெச்சினேன்.

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை. ஆடை படிந்து ஆறிப் போனது.

"வீட்ல யாரு இருக்கா?"

"எருமை இருக்கு. ஒத்தையாக் கட்டிக் கெடக்கு. இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும். உங்க வீட்ல, டாக்டரம்மா?"

"என் வீட்ல எருமைகூட இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இவள் இன்னும் கொஞ்ச நேரம் கூட இருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்போது கேட்டாள்.

"நான் வீட்டுக்குப் போகலாமா, டாக்டரம்மா?"

ஓகோ, நாடகத்தை ஆரம்பித்துவிட்டாள்! நானும் முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"போறதா? விளையாடுறியா? மருந்துக்குச் சேர்ந்தாச்சுன்னா நடுவுல போகக் கூடாது."

"ஒடம்பு அனலாக் கொதிக்குது..."

"கொதிச்சாக் கொதிக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. ஆமா!"

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

எனக்கே மனசைப் பிசைந்துவிட்டது. என்ன நடிப்பு! போதும்மா, பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

போன் அடித்தது. சிவலீலா.

"கோவிச்சுக்காதடி மந்தா. அந்தம்மா அவங்க ஊரு சிந்தகியிலயே மாட்டிக்கிட்டாங்க. ஓடையில தண்ணி, பஸ் வரல. காலைல வந்துருவாங்க."

"எந்த அம்மா?"

"நடிக்க வர்றவங்கதான்."

"அவங்கதான் வந்துட்டாங்களே..."

"யாரு வந்தா? இப்பத்தான் கேட்ல விசாரிச்சேன், உன்னத் தவிர யாரையும் உள்ள விடலையாமே!"

போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சிலிருந்த பொட்டு... பெரிதாகிக்கொண்டிருந்தது.

அவள் பக்கமிருந்து அனல் அடித்தது. அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி.

ஆறிப் போன டீயிலிருந்து... ஆவி வந்தது.

ஓடினேன்.

வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

கிரீச்... கிரீச்...

நாற்காலிதான். அவள் எழப் பார்க்கிறாள்.

எழவில்லை.

மறுநாள் வேறு கட்டடத்தில் வகுப்பு எடுத்தேன். நாடகம் வேண்டாம் என்றுவிட்டேன். சிவலீலா துளைத்தெடுத்ததால் அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "உனக்குத் தனியா இருந்து இருந்து மூளை குழம்பிருச்சு" என்று சிரித்தாள்.

நேற்றுப் போன் செய்தாள். சிரிக்கவில்லை.

"பழைய நர்சுங்களக் கேட்டேன் மந்தா. நான் இங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, அந்த வார்டுல ஏதோ மருந்து சோதிச்சிருக்காங்க. சங்கவ்வன்னு ஒருத்தி. மருந்து ஒத்துக்கல, காய்ச்சல். வீட்டுக்குப் போகணும், எருமை தனியாக் கெடக்குன்னு அழுதிருக்கா. சேர்ந்தாச்சுன்னா நடுவுல போகக் கூடாதுன்னு டாக்டர் அதட்டியிருக்காரு. உக்காந்த மேனிக்கே உயிர் போயிருச்சாம்."

நான் சொன்ன அதே வார்த்தை.

"அதுக்கப்புறம் அவ வராந்தாவுல நடப்பாளாம். போகலாமா, போகலாமான்னு எதிர்ல வர்றவங்களக் கேப்பாளாம். கேட் வரைக்கும் போய்த் திரும்புவாளாம். நர்சுங்களுக்குப் பழகிப்போச்சாம்."

"இப்பவும் நடக்குறாளா?"

"இல்ல. நீ வந்துட்டுப் போன ஞாயித்துக்கிழமைல இருந்து நடக்குறதே இல்லையாம். நீ போட்ட நாற்காலியிலயே உக்காந்திருக்காளாம். ஒரு நர்ஸ் தைரியமாக் கிட்டப் போய், வீட்டுக்குப் போம்மான்னு சொல்லியிருக்கா..."

"என்ன சொன்னாளாம்?"

"டாக்டரம்மா எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம்."

நாளைக் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நான்தானே போய்ச் சொல்ல வேண்டும். கூடத்துக்குள் துணைக்கு வருகிறாயா என்று சிவலீலாவைக் கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டாள்.