இரண்டு தலைக் கன்றின் தோல்

என் வீட்டுக்காரருக்குப் பேப்பரில் ஒரு மூலைதான் பிடிக்கும். விநோதச் செய்தி போடுகிற மூலை. எங்கோ மழையோடு தவளை விழுந்தது, என்றைக்கோ அழிந்துபோனதாக நினைத்த மீன் கடலில் உயிரோடு அகப்பட்டது, இந்த மாதிரி. பெங்களூர் ஒக்கலிபுரத்து டீக்கடையில் படித்துவிட்டு வந்து வீட்டில் எனக்கு ஒப்பிப்பார். ரஷ்யாக்காரன் நாயை ராக்கெட்டில் வைத்து அனுப்பிய வருஷம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"பூமியைச் சுத்துதாம்மே அந்த நாய்."

"கீழ எப்ப வரும்?"

"வராதாம்."

"அப்ப உனக்கு இன்னாய்யா அதுல சந்தோஷம்?"



அவர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். வேலை இருந்த நாளில் கூலி. குடும்பம் ஓடியது என் எருமையால்தான். கறந்து வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றுவேன். அது சினையாகிப் பால் வற்றிய மாதங்களில் வாடிக்கை வீடுகள் வேறு ஆளிடம் வாங்கின. கன்று போட்டதும் உன்னிடமே வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் இருந்தோம்.

மறு வருஷம் மழை விட்ட பிறகு ஒரு விடியலில் எருமைக்கு வலி எடுத்தது. கன்று வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் பிடித்து இழுத்தோம். வந்தது. உடம்பு ஒன்று. கழுத்துக்கு மேலே தலை இரண்டு.

அக்கா கையை உதறிக்கொண்டு தள்ளி நின்றாள். எருமை தள்ளி நிற்கவில்லை. ஒரு முகத்தை நக்கியது. பிறகு மற்ற முகத்தை நக்கியது. அதற்கு அது கன்று. அவ்வளவுதான்.

வெயில் ஏறுவதற்குள் கன்று செத்துப்போனது.

கன்று செத்தால் என்ன செய்வது என்று மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். தோலை உரித்து உப்புத் தடவி, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைக்க வேண்டும். கறக்கும்போது அதைத் தாயின் முன்னால் நிறுத்தினால் முகரும், நக்கும், பால் இறங்கும். இல்லாவிட்டால் பாலை அடக்கிக்கொள்ளும். பிண்ணாக்கு வைத்துப் பசுவை ஏமாற்றலாம். என் எருமை ஏமாறாது.

தோல் உரிக்கிறவரைக் கூட்டிவரக் கிளம்பினேன். "கன்னைப் பாத்துக்கய்யா, நாய் இழுத்துடப் போவுது," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ போ," என்றார்.

ஆளோடு திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். கன்று கிடந்த இடத்தில் யாரோ குங்குமம் வைத்துப் பூப் போட்டிருந்தார்கள். கன்று இல்லை. என் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"கன்னு எங்கய்யா?"

"பிராணிங்களப் பத்திப் படிக்கற காலேஜ்லேர்ந்து வந்து எடுத்துனு போனாங்க. நாந்தான் ஆள் அனுப்பினேன். போட்டோ புடிச்சாங்கம்மே. பேப்பர்ல வரப்போவுது."

"தோலு?"

"பாத்துட்டுக் குடுத்துடுவாங்க. கேட்டேனே. வாத்தியாரு தலைய ஆட்டினாரு."

தோல் உரிக்க வந்தவர் கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகினார். "பேப்பர் வந்ததும் எருமைக்குக் காட்டு அண்ணே. பாத்துட்டுப் பால் இறக்கும்," என்றார். கூட்டம் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அன்று சாயங்காலம் கறக்க உட்கார்ந்தேன். எருமை ஒரு உதை விட்டது. சொம்பு சுவரில் போய் மோதியது. மடி கல்லாக இருந்தது. பூக் கிடந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்தியது.

மறுநாள் காலேஜுக்கு நடந்தேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வாத்தியார் வெளியே வருகிறவரைக்கும் கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கன்னடத்துக்காரர், தமிழ் பேசுவார். நல்ல மாதிரியாகத்தான் உள்ளே கூட்டிப்போனார். பெரிய கண்ணாடி ஜாடியில் கன்று காலை மடக்கி இருந்தது. மருந்து நெடி கண்ணை எரித்தது.

"நோடம்மா, பாருங்க, உங்க கன்னு. எத்தனை வருஷமானாலும் கெடாது."

"தோலு வேணும் சார். ரெண்டு தலையையும் நீங்களே வச்சிக்குங்க."

"தோலா? எதுக்கு?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மாடு ரெண்டு நாள்ல மறந்துடும்மா," என்றார்.

"அது உங்க கிட்ட சொல்லிச்சா சார்?"

அவர் சிரித்தார். "உங்க வீட்டுக்காரரே சந்தோஷமா குடுத்தாரே."

"எருமை என்னுது சார். அவுரு யாரு குடுக்கறதுக்கு?"

சிரிப்பு நின்றது. ஜாடியைப் பார்த்தார். "இனிமே எடுத்தாலும் உபயோகமில்லம்மா. மருந்து ஏறிப்போச்சு," என்றார்.

அது உண்மை. அந்த நெடிக்கு எருமை கிட்டேயே வராது. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டார். யாரிடம் கத்துவது? வீட்டுக்கு வந்தேன்.

பேப்பர் வந்தது. கன்றும் பக்கத்தில் என் வீட்டுக்காரரும். விஞ்ஞான வளர்ச்சிக்காக உரிமையாளர் மனமுவந்து அளித்தார் என்று போட்டிருந்தார்கள். உரிமையாளராம். என்னைப் பற்றி இல்லை, போகட்டும். பெற்ற எருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அவர் சத்தமாகப் படித்தார். வந்து கேட்டவர்களுக்கெல்லாம் மறுபடி படித்தார்.

எருமையின் மடி வீங்கி, பிறகு சுண்டத் தொடங்கியது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். தடவிக் கொடுத்தேன். சொம்பின் அடி நனையவில்லை.

"வூடு வூடா நீ போய்ச் சொல்லு, பால் இல்லன்னு," என்று அவரை அனுப்பினேன்.

பொழுது சாயத் திரும்பினார். முகத்தில் வருத்தம் காணோம்.

"எல்லா வூட்லயும் கன்னைப் பத்தித்தாம்மே கேட்டாங்க. ஒரு வூட்ல நாற்காலி போட்டு உக்கார வச்சி காபி குடுத்தாங்க."

"பாலுக்கு இன்னா சொன்னாங்க?"

"இப்ப ஊத்தறவரே ஊத்தட்டும்னுட்டாங்க."

அடுப்பில் டீ கொதித்தது. ஊற்றிக் கொடுத்தேன். டம்ளருக்குள் பார்த்தார்.

"பால் இல்லியா?"

"காலேஜ்ல போய்க் கேளு."

குடித்தார். கொல்லையில் எருமை கத்தியது. எழுந்து போய் அதன் முன்னால் வைக்கோல் போட்டார். அது வாயை வைக்கவில்லை.