அரவேணு வீட்டு ரயில்

தேயிலை விலை விழுந்த அந்த வருடங்களில் அரவேணுவில் எங்கள் வீட்டில் ஒழுங்காக ஓடியது ரயில் மட்டும்தான்.

வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிறு தண்டவாளம் போட்டு, முழ நீள எஞ்சின் ஒன்றை ஓட்டுவார் என் கணவர். நிஜ நீராவி. தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தால் கொஞ்ச நேரத்தில் பாய்லர் உறும ஆரம்பிக்கும். பாலம், ஸ்டேஷன் எல்லாம் உண்டு. இலை வேண்டாம் என்று ஃபேக்டரி திருப்பி அனுப்பிய மூட்டைகள் வாசலில் சூடேறிக் கருகிக்கொண்டிருக்கும். இந்த மனுஷர் ஸ்டேஷனுக்குக் கூரை போட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமனார் மகனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் ஊட்டிப் பக்கம் ரிசார்ட் நடத்தும் ஒருவர் கேள்விப்பட்டு, பார்க்க வருகிறேன் என்றார். பிடித்துப்போனால் அவருடைய தோட்டத்திலும் இப்படி ஒன்று போட வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இவருக்கே. இல்லையென்றால் தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாக முடிவு செய்திருந்தோம். அந்த வாரம் முழுக்க நான் எஞ்சினுக்குச் சூடம் காட்டாத குறைதான்.

அவர் வந்த காலையில் நல்ல மூடுபனி. மாமனார் விடிந்ததுமே கோயிலுக்குப் போயிருந்தார். எஞ்சின் சீட்டியடித்துக் கிளம்பியது. பாலத்துக்கு முந்தைய ஏற்றத்தில் முக்கியது, நின்றது. சக்கரம் மட்டும் இருந்த இடத்திலேயே சுற்றியது.

"பனி ஈரமுங்க, தொடச்சா சரியாயிருமுங்க" என்று இவர் துணியோடு குனிந்தார். துடைக்கத் துடைக்க இன்னும் வழுக்கியது.

"பரவால்லீங்க. எங்க எடம் இதவிட மேடுங்க. செரிப்பட்டு வராதுங்க" என்றார் வந்தவர். டீயைப் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இவர் தண்டவாளத்தைத் தடவி விரலை முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். தேங்காய் எண்ணெய்.

எங்கள் வீட்டில் செடி வெட்டும் கவாத்துக் கத்திக்கு எண்ணெய் தடவாமல் மாமனார் சாப்பிட உட்கார மாட்டார். இந்த மலை ஈரத்தில் இரும்பை அப்படியே விட்டால் துருதான். யார் வேலை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரட்டும், இன்றைக்கு இருக்கிறது என்று காத்திருந்தேன்.

மாமனார் வந்தார். நேராக மகனிடம் போய் நெற்றியில் திருநீறு பூசினார்.

"ஓடுச்சா?"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் மகனிடம் பேசிய முதல் பேச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நல்லா ஓடுச்சுங்கப்பா."

"ஓடாம? நாந்தான் காத்தால எந்திரிச்சு பூராத்துக்கும் எண்ணெ போட்டனே. எப்ப வேலைக்கு வரச் சொன்னாரு?"

"சொல்லி அனுப்பறேன்னாருங்கப்பா."

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஆள் வரும் வரும் என்று மாமனார் காத்திருந்தார். தோட்டம் கைமாறும்வரை ஒவ்வொரு காலையும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டார். இவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவும் மகனும் ஏதேதோ பேசிக்கொண்டிருப்பார்கள். எஞ்சினை அதற்குப் பிறகு இவர் வெளியே எடுக்கவே இல்லை.