மவுஸ் இல்லாத அறை

எழுந்தேன். பல் துலக்கினேன். ஒருவருக்கு மட்டும் கோப்பி கலக்கினேன். ஷர்மினியின் படத்துக்கு விளக்கேற்றினேன். குனோங் ராபாட் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனேன்.

அன்று காலை நடந்ததைத்தான் எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

ஈப்போவில் ஒரு லாரி நிறுவனத்தின் சர்வர் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் மனைவி ஷர்மினி அங்கேயே கணக்குப் பிரிவில் இருந்தாள். டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள்.

எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை அந்த சர்வர்தான். அதில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மட்டும்; எதையும் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும்.

"நீங்க லீவு போட்டா நான்தான பேக்கப் பாக்கணும்? ஐகான் கீகான் ஏதாச்சும் போட்டுக் குடுங்கலா."

"சர்வர அழகு பாக்கவா வச்சிருக்கு? தேவையில்லாதத ஏத்துனா ஸ்லோவாகும். திருடனுக்கு இன்னொரு கதவு."

"உங்க பழைய ரூம் மாதிரியே. கல்யாணத்துக்கு முன்னாடி அங்க ஒரு நாற்காலியாச்சும் இருந்துச்சா?"

கடைசிவரை நான் போடவில்லை.

முந்தின நாள் முதலாளி மகேந்திரன் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, சர்வர்ல ஷர்மினி அக்கவுண்ட் இன்னும் இருக்கு. நாளைக்கு ஆடிட் பண்ண வாராங்க. எடுத்துடுப்பா."

ஒரு வரிக் கட்டளை. வேலையை விட்டுப் போனவர்களுக்காகப் பலமுறை அடித்திருக்கிறேன். அவளுக்கு எண்டர் தட்டத்தான் முடியவில்லை. அவள் பெயர் இன்னும் உயிரோடு இருந்த ஒரே இடம் அது.

காலை 7.20. வழக்கம்போல் சர்வர் அறையைத் திறந்தேன். குளிர். விசிறி இரைச்சல்.

டக். டக்.

கட்டடத்துக்குப் பின்னால் பழைய தோட்டத்து ரப்பர் மரங்கள் சில மிச்சம் இருக்கின்றன. காய் வெடிக்கிறது என்று நினைத்தேன். ஆனால் வெயில் இன்னும் ஏறவில்லை...

டக். டக்.

சத்தம் அறைக்குள்.

மானிட்டரில் கறுப்புத் திரை இல்லை. நீலம். ஐகான்கள். ஓர் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. அந்த அறையில் மவுஸே கிடையாது.

யாரோ வெளியிலிருந்து நுழைந்துவிட்டார்கள். சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன்.

அம்பு நிற்கவில்லை.

பயனர் பெயர்கள் விரிந்தன. அம்பு அவள் பெயரை ஒருமுறை வட்டமிட்டது. எதைக் கிளிக் செய்யும் முன்பும் ஷர்மினி அப்படித்தான் செய்வாள்.

'அழிக்கவா?' என்று ஒரு பெட்டி வந்தது.

"வேணாம்," என்றேன். "ஷர்மி, வேணாம்."

அம்பு நின்றது. காத்திருந்தது...

டக். டக்.

ஒரு கிளிக் போதும், இரண்டு வேண்டாம் என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

திரை கறுத்தது.

கேபிளை மாட்டிவிட்டு என் மேசைக் கணினியிலிருந்து சர்வரில் தேடினேன். அவள் அக்கவுண்ட் இல்லை. யார் அழித்தார்கள் என்ற பதிவும் இல்லை. ஐகான் காட்டும் மென்பொருள் எதுவும் அந்த சர்வரில் ஏற்றப்பட்டிருக்கவில்லை.

காம்பார் கிளையில் வேலை செய்யும் கால்வினுக்குப் போன் செய்தேன். "சர்வர் ரூம் மானிட்டர்ல ஏதாச்சும் செஞ்சியா?"

"ஐயோ மச்சான், சொல்ல மறந்துட்டேன். இங்க வயர் பத்தல. போன வாரமே அதுல இருந்த ரெண்டு வயரையும் கழட்டிட்டு வந்துட்டேன்லா. கரண்ட் வயரையும் சேத்து."

போய்ப் பார்த்தேன். மானிட்டரின் பின்புறம் வெறுமையாக இருந்தது.

அந்தத் திரையில் அவள் எனக்கென்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கடைசியாகப் பேசியது ஆஸ்பத்திரியில்தான். பார்வை நேரம் முடிந்து நான் எழுந்தபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"வீட்டுக்குப் போய் தூங்குங்க. நான் எங்க போயிடப் போறேன்."