ரேடியேட்டரில் தேயிலைத் தூள்

என் கணவர் அந்தப் பழைய லொறிக்குப் பார்த்த வைத்தியங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். கதவு திறந்துகொள்ளாமல் இருக்கச் சைக்கிள் டியூப், சைலன்சர் ஓட்டைக்குப் பால்மா டின், எல்லாம் அவர் கைவேலை. பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு போல்ட் கீழே விழுந்தாலும் "நீ பேசினதாலதான் விழுந்துச்சு" என்பார்.

லொறி வாங்கியது என் பணத்தில். பூனாகலைப் பக்கத்து மலைகளில் காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்து, ஐம்பது வயதானதும் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டு எடுத்த சேமலாப நிதிப் பணம். "இனி நீ கூடை தூக்க வேணாம்" என்றார். நம்பினேன். முதுகு வலிக்கிறவள் எதையும் நம்புவாள். லொறி ஓடினால் நான் வீட்டில் இருக்கலாம், ஓடாவிட்டால் மறுபடியும் மலை.

கோவா, லீக்ஸ் என்று மலைக் காய்கறி ஏற்றிக்கொண்டு பெரகல வழியாக வெல்லவாயவுக்கு இறங்குவார், தேங்காயோடு ஏறி வருவார். கொஞ்சக் காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. அதைக் கழற்றி ஈயம் வைத்து அடைக்க வேண்டும், ரெண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்று ஹாலிஎல கராஜில் சொன்னார்கள். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ரெண்டு நாள் வண்டி நின்னா யாவாரத்தை எவன் பார்ப்பான்?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் பார்த்தால், தேத்தண்ணி வடித்த சக்கையை வழக்கம்போல எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானில் கொட்டியிருந்தார். அழுக்குத் தண்ணீர் வாசல்வரை தேங்கி நின்றது.

"சக்கையைக் கொட்டாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? கான் முழுக்க அடைச்சிக்கிட்டு நிக்குது பாருங்க!" என்று கத்தினேன்.

அவர் கானையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"கானையே அடைக்குதுன்னா ஊசி ஓட்டையை அடைக்காதா புள்ள?"

முழுக் கானும் அடைத்துக்கொண்டது என்றுதான் நான் சொன்னேன். அடைக்கும் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. தேயிலைத் தூள் டின்னை எடுத்துப் போய் ரேடியேட்டருக்குள் கொட்டினார். மறுநாள் ஒழுகல் நின்றுவிட்டது. லயத்து ஆம்பளைகள் எல்லாம் வந்து பார்த்து அவர் மூளையைப் பாராட்டினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். திரும்பி ஏறும்போது என்ஜின் முனகியது, கருகல் வாடை அடித்தது.

"நிப்பாட்டுங்க."

"ஏத்தத்துல நிப்பாட்டினா எடுக்க முடியாது. பெரகல சந்திக்குப் போயிருவோம்."

சந்திக்கு முந்தின வளைவில் லொறி தானாகவே நின்றது. சூடு ஆறட்டும் என்று நான் சொல்வதற்குள் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிக்கக் கொதிக்கச் சாயத்தண்ணி பீறிட்டு அவர் கையை வேகவைத்தது. பால் கலக்காத தேத்தண்ணியேதான், நல்ல திக்கான சாயம். வாசம்கூட இருந்தது.

ஓட்டையை அடைத்த தூள் உள்ளே இருந்த குழாய்களையும் அடைத்திருந்தது. வண்டியைக் கட்டியிழுத்துக் கொண்டுபோய் விட்டதும் கராஜ்காரர் என்ஜின் ஒயிலைப் பார்த்தார். தண்ணீர் கலந்து வெளுத்திருந்தது.

"சிலிண்டர் ஹெட் வெடிச்சு ஒயில்ல தண்ணி எறங்கிருச்சு. என்ஜின் போச்சுங்க" என்றார்.

மேலே ரேடியேட்டரில் சாயத்தண்ணி, கீழே என்ஜினில் பால் தேத்தண்ணி. என் பணத்தில் அவர் தேத்தண்ணிக் கடைதான் போட்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. வெந்த கையோடு நிற்கிறவரை எங்கே அடிப்பது?

லொறி இப்போது லயத்துக்குப் பின்னால் நிற்கிறது. அதற்குள் கோழி முட்டையிடுகிறது. "பழைய ஹெட் ஒன்னு கெடைச்சா போதும் புள்ள" என்று அவர் இன்னும் பொனட்டைத் திறந்து பார்க்கிறார். நான் பதிவில் பேர் இல்லாமல் அன்றாடக் கூலி வாங்கும் கைக்காசு ஆளாக மறுபடியும் கொழுந்துக்குப் போகிறேன். பேர் உள்ளவர்களுக்குக் கொடுப்பதுபோல் கைக்காசு ஆளுக்குத் தோட்டத்தில் தேயிலைத் தூள் தருவதில்லை, கடையில்தான் வாங்குகிறோம்.

காலையில் தேத்தண்ணி அவர்தான் ஊற்றித் தருகிறார். சக்கையை இப்போதெல்லாம் கானில் கொட்டுவதில்லை, வாழைமரத்தடியில் கொண்டுபோய்ப் போடுகிறார். இவ்வளவுக்கும் பிறகு அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். நான் குடித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறேன்.