ஒன்பது மணிப் பள்ளிக்கூடம்

லேத் பட்டறையில் அவரை எல்லோரும் அலாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக, எட்டு மணிக்கு ஷட்டர் தூக்கும்போது முன்னால் நிற்கிற ஆள் அவர். காய்ச்சலோ மழையோ, எட்டு என்றால் எட்டு. நாலாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் ஒரு இரும்புத் தண்டைக் கையில் உருட்டிப் பார்த்தே எங்கே கோணியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருடைய காலைப்பொழுதில்தான் பள்ளிக்கூடம் மண்ணை அள்ளிப் போட்டது.

மகள் பத்தாவது படிக்கிறாள். அதுவரை பள்ளி ஏழே முக்காலுக்கு. ஒரு நாள் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். தலைமையாசிரியை பேசினார். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராதாம், விடியற்காலையில் விழிப்பும் வராதாம், உடம்பின் வாகே அப்படியாம். அதனால் வரும் திங்கள் முதல் ஒன்பது மணிக்குத்தான் பள்ளி.

அலாரம் எழுந்து நின்றார்.

"ஏம்மா, பிள்ளைங்க தூங்குறதுக்காகப் பள்ளிக்கூடத்தத் தள்ளி வைக்கிறீங்க, சரி. நான் எட்டு மணிக்கு மெஷின்ல நிக்கணுமே, பட்டறைய யாரு தள்ளி வைப்பா?"

"உங்க பொண்ணு முதல் வகுப்புல என்ன பண்றான்னு தெரியுமா சார்?"

"கணக்குப் படிக்கிறா."

"தூங்குறா சார். கைல பேனாவப் பிடிச்சபடியே."

கூட்டம் சிரித்தது. அலாரம் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் அவர் காதை விட்டுப் போகவில்லை.

அந்தம்மா சொன்னது பொய்யும் இல்லை. ஆறு மணிக்கு அவளை எழுப்புவதற்குள் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். வாயில் பிரஷ்ஷோடு சுவரில் சாய்ந்து தூங்குவாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் நெற்றி அவர் முதுகில் மோதிக்கொண்டே வரும். கணக்கில் மட்டும் மதிப்பெண் முப்பதைத் தாண்டவில்லை. மற்ற பாடமெல்லாம் எழுபது, எண்பது. கணக்கு தினமும் முதல் வகுப்பு. ஆனால் அலாரம் அதையெல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற ஆள் இல்லை. 'சோம்பேறித்தனம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நேரம் மாறிய பிறகு வீடே தலைகீழானது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் மனைவி ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். முன்பெல்லாம் அப்பாவும் மகளும் ஒன்றாகக் கிளம்புவார்கள். அவர்தான் வெளியே பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மனைவியிடம் ஒரு சாவி, அவரிடம் ஒரு சாவி, அவ்வளவுதான். இப்போது அவர் ஏழே முக்காலுக்குத் தனியாகக் கிளம்பினார். சாவியைப் பூட்டோடு விட்டுவிட்டுப் போக, மகள் எட்டே காலுக்குப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இதில் அவருக்கு இன்னொரு தலைவலி. தூங்கி வழிந்தவரை வாய் திறக்காத பிள்ளை இப்போது நன்றாகத் தூங்கி எழுந்து வாயடிக்க ஆரம்பித்தது.

"அப்பா, ஹெல்மெட் வாரை மாட்டுறதே இல்ல நீங்க."

"நீ தூங்கிட்டே வந்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு தாயே."

"அப்பா, டீயை ஏன் இப்படி உறிஞ்சுறீங்க? பக்கத்து வீட்டுக்கே கேக்குது."

"கேக்கட்டும். அவங்களும் எந்திரிக்கட்டும்."

ஒரு மாதம் ஓடியது. அரையாண்டுத் தேர்வு வந்தது. அடுத்த வருடம் கணக்குப் பிரிவில் இடம் வேண்டுமானால் இந்தக் கணக்குத் தேர்வில் குறைந்தது அறுபது வாங்க வேண்டும். தவறவிட்டால் மறுதேர்வு கிடையாது. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள்.

அன்று காலை அலாரத்துக்கு மனதெல்லாம் ஒரு தண்டின் மேல்தான். பம்பு மோட்டாருக்கான தண்டு, பத்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். வெளியே வந்தார், கதவை இழுத்தார், பூட்டினார், சாவியைப் பையில் போட்டார், பைக்கை உதைத்தார். இந்த ஒரு மாதத்துக்கு முன்புவரை, பல வருடமாக அவர் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் ஆள் இருந்ததில்லை. அவர் கைக்குப் பழைய கணக்குத்தான் தெரியும்.

எட்டு இருபதுக்கு, சுற்றும் தண்டை உளி கடைசியாகச் சீவிக்கொண்டிருந்தபோது முதலாளி கத்தினார்.

"அலாரம், உனக்குப் போன்!"

"யாருன்னு கேளுங்க முதலாளி, கை விட முடியாது."

"உன் பக்கத்து வீட்டு டெய்லரம்மா. உன் பொண்ண உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்துட்டியாமே!"

அலாரம் சட்டைப் பையைத் தொட்டார். சாவி சுட்டது.

"சீவல முடிச்சிட்டுப் போய்யா, நாலு நிமிஷம்தான்!"

அவர் மெஷினை நிறுத்தினார். ஓடுகிற கடைசிச் சீவலைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் வளையமாகக் கோடு விழுந்துவிடும், தண்டு வீண். அது அவருக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு தண்டைக்கூட அவர் அப்படி விட்டதில்லை. முதலாளி திட்டியது ஷட்டர் தாண்டியும் கேட்டது.

வீட்டு வாசலில் டெய்லரம்மா கையில் சுத்தியலோடு நின்றிருந்தார்.

"கடைக்குப் போய்ட்டு வந்தப்பதான் இவ சத்தம் கேட்டுச்சு. நல்ல பூட்டா வாங்கி வச்சிருக்கீங்கண்ணே, இருபது அடிக்கும் அசையல."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மகள் சீருடையோடு, பையை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"எத்தனை தடவ கத்தினேன் தெரியுமா? உங்க பைக் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"அழுதியா?"

"அழுதா பூட்டுத் திறக்குமா? ரெண்டு கணக்குப் போட்டுப் பாத்தேன்."

எட்டு முப்பத்தெட்டு. பைக் பறந்தது. வழியெல்லாம் அவர் வாய் சும்மா இல்லை. பள்ளிக்கூடத்தைத் திட்டினார், தலைமையாசிரியையைத் திட்டினார், குறுக்கே போன பஸ்ஸைத் திட்டினார்.

"ஒழுங்கா பழைய நேரத்துலயே வச்சிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா?"

"பழைய நேரமா இருந்தா இந்நேரம் நான் பரீட்சைத் தாள் மேல தூங்கிட்டு இருந்திருப்பேன்பா."

அவர் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினார்.

கேட்டுக்கு வந்தபோது எட்டு ஐம்பத்து மூன்று. காவலாளி நிதானமாகத் தலையைத் தூக்கினார்.

"என்ன சார், நாய் துரத்துதா? இன்னும் ஏழு நிமிஷம் இருக்கே."

மகள் இறங்கினாள். கண்ணில் துளித் தூக்கம் இல்லை. பென்சில் பெட்டியைத் திறந்து ஒருமுறை சரிபார்த்தாள், பெருக்கல் வாய்பாடு மாதிரி எதையோ முணுமுணுத்தாள், ஓடிப் போனாள். அவள் படியேறி வகுப்புக்குள் போகும்வரை அலாரம் கேட்டிலேயே நின்றார்.

"எழுதிடுவா சார்" என்றார் காவலாளி.

"எனக்குத் தெரியாதா?" என்று சீறினார் அலாரம்.

பட்டறைக்குத் திரும்பினால் வசை காத்திருக்கிறது, வீணான தண்டும் காத்திருக்கிறது. அதற்கு முன்னால் மகளுக்கென்று மூன்றாவது சாவி ஒன்று செய்துவிடலாம் என்று கடைத்தெருவுக்கு வண்டியைத் திருப்பினார். சாவிக் கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டார்.

"அவரா? இப்பல்லாம் பத்தரைக்குத்தாங்க வர்றாரு. நல்லாத் தூங்கணும்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

அலாரம் அந்தப் பூட்டிய கடையை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, வண்டியை உதைத்தார்.